முன்வரிசையும் இருபது விநாடிக் காணொளியும்: கோலாலம்பூர்ச் சிற்றரங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிற்றரங்கு ஒன்றில் 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்த ஒரு பல்சுவை இரவையும், அதைத் தொடர்ந்த மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளையும் இப்பதிவு விவரிக்கிறது. அரங்கை நடத்துவோரும், ஆடிய கலைஞரும், மேடை நிர்வாகியும் தங்கள் பெயர் வெளிவரக் கூடாது என்ற நிபந்தனையோடு பேசினார்கள். ஆகவே தெருவின் பெயரும் அவர்களுடைய பகல்நேர வேலைகளும் இங்கே இடம்பெறவில்லை. அரங்கின் நிகழ்ச்சிக் குறிப்பேடும் அன்றைய முழு ஒளிப்பதிவும் பார்வைக்குக் கிடைத்தன.

பின்னணி

அரங்கில் அப்போது 64 இருக்கைகள் இருந்தன. உயர்த்திக் கட்டிய மேடை கிடையாது. கறுப்புச் சாயம் பூசிய பலகைத் தளத்தின் மூன்று பக்கங்களிலும் மடக்கு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டி உட்கார்ந்தால் ஆடுபவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, தமிழும் ஆங்கிலமும் கலந்த பல்சுவை நிகழ்ச்சி நடக்கும்: தனிநபர் நகைச்சுவை, பலகுரல், சீட்டு வித்தை, எப்போதாவது உறுமியோடு சிலம்பம், கடைசியில் பர்லெஸ்க் (கேலியும் ஆடை களைதலும் கலந்த மேடை ஆட்டம்) பாணியில் ஒரு நடன உருப்படி. டிக்கெட் 45 ரிங்கிட். மது விற்பதில்லை. உள்ளூர்க் கலைஞர்கள் மட்டுமே பங்கேற்பதால், கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 2024 முதல் உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த கேளிக்கை வரி விலக்கு இவர்களுக்குப் பெரிய மூச்சாக இருந்தது.

இத்தகைய இரவுகள் இந்நகருக்குப் புதியவை அல்ல. இன்று சுங்கை வாங் பிளாசா என்ற வணிக வளாகம் நிற்கும் இடத்தில் முன்பு புக்கிட் பிந்தாங் பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஜோகெட் என்ற மலாய் ஆட்டமும் பங்சாவான் என்ற மலாய் இசை நாடகமும் காபரேயும் ஒரே வேலிக்குள் நடந்தன. 1950-களில் மலாயா முழுவதும் பேசப்பட்ட ரோஸ் சான் (1925–1987) ஆடை களையும் ஆட்டத்தோடு மலைப்பாம்பைத் தோளில் போட்டும் ஆடியவர். தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை காபரே என்றால் ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் திரையில் ஆடியதுதான். கொட்டகையில் சீட்டி அடித்துப் பார்த்தவர்களே வீட்டில் தொலைக்காட்சியில் அதே பாட்டு வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதை நம்மில் பலர் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

ஆடிய கலைஞர் தம் உருப்படியை அந்த இரட்டை மனநிலையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். பர்லெஸ்க் முதலில் கேலிக்கூத்து. 1868-இல் லிடியா தாம்சனின் குழு லண்டனிலிருந்து நியூயார்க் சென்றபோது கொண்டுபோனது, புராணக் கதைகளைப் பகடி செய்யும், பெண்கள் ஆண் வேடமிடும் நாடகங்களை. ஆடை களைவது அதில் பின்னாளில்தான் முதன்மை பெற்றது. இவருடைய உருப்படி அந்தப் பழைய பகடியையும் பிந்திய களைதலையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. பழைய தமிழ்ப்பட காபரே ஆட்டக்காரியைப் போல சரிகைத் தலையணியும் இறகுச் சால்வையும் முழங்கைவரை கையுறையும் அணிந்து வருவார். கையுறை ஒவ்வொரு விரலாகக் கழலும், சால்வை நழுவும், பளபளக்கும் மேலங்கியின் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். மேலங்கி விழுந்ததும் உள்ளே இருப்பது கழுத்துவரை பொத்தானிட்ட தொழிற்சாலைச் சீருடை. கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் பேனா. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பார்வையாளர் நடுவே ஓடி, படியிறங்கிப் போய்விடுவார். ஆறு நிமிடம். ஆடை குறையக் குறைய உடம்பு மறைந்துகொண்டே வரும் என்பதுதான் அதன் நகைச்சுவை. அதைப் பிடிக்க ஐந்தாவது நிமிடம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த உருப்படி முன்பும் சிலமுறை மேடையேறி, சிக்கலில்லாமல் போயிருந்தது. அம்மாதம் டிக்கெட் மந்தமாக இருந்ததால் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர் சுவரொட்டியை மாற்றினார். பலகுரலும் சீட்டு வித்தையும் அடியில் சிறிய எழுத்துக்குப் போயின. காபரே நிழலுருவமும் 'கவர்ச்சி இரவு' என்ற தலைப்பும் மேலே வந்தன. டிக்கெட் விற்றுத் தீர்ந்தது.

அன்றிரவு

முன்வரிசையில் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் சேர்ந்தாற்போல் அமர்ந்திருந்தனர். பலகுரல் கலைஞர் பழைய அரசியல்வாதிகளின் குரலில் பேசியபோதே அவர்களில் இருவர் 'டான்ஸ் எப்போ?' என்று குரல் கொடுத்ததைக் குறிப்பேடு பதிவுசெய்திருக்கிறது. அறிவிப்பாளர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, 'பொறுங்கண்ணே, கடைசியிலதான் பாயசம்' என்றார். அவை சிரித்தது.

நடனத்தின் இரண்டாம் நிமிடத்தில், சால்வை தோளிலிருந்து நழுவும் இடத்தில், முன்வரிசையில் இருந்த ஒருவர் அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். முழு ஒளிப்பதிவில் இது தெளிவாகத் தெரிகிறது: கலைஞர் அரையடி பின்னால் சரிகிறார், சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது, இடதுகை மட்டும் சால்வையை விட்டுவிடுகிறது. அவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கொக்கிகளை வேகமாக விடுவித்து, வழக்கத்துக்கு முன்பே சீருடைக்கு வந்து, படியை நோக்கி ஓடிவிட்டார். சால்வை இழுத்தவரின் மடியில் கிடந்தது. அவை பலமாகக் கைதட்டியது. இழுத்ததும் உருப்படியின் பகுதிதான் என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

இதே நேரத்தில் இன்னொருவர் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தார். மறுநாள் மதியத்துக்குள் இருபது விநாடிக் காணொளி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. தொடக்கத்தில் கையுறை கழல்கிறது, நடுவில் சால்வை நழுவுகிறது, இழுப்பதற்குச் சற்று முன் காணொளி முடிகிறது. இழுத்த கையும் அதில் இல்லை, சீருடையும் இல்லை. 'நம் பெண்கள் போகும் போக்கு' என்ற வாசகத்தோடு அது கலைஞரின் உறவினர் ஒருவருடைய குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது.

கவனிக்கப்பட்டவை

ஒளிக்கட்டுப்பாட்டில் இருந்தவர் இழுத்ததைப் பார்த்தார். ஆனால் பார்வையாளர் பக்கத்து அவை விளக்கை ஏற்றி ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் தமக்கு உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. மேடை நிர்வாகியின் சைகைக்காகக் காத்திருந்தார், மேடை நிர்வாகியோ கலைஞரின் சைகைக்காகக் காத்திருந்தார். 2023 ஜூலையில் கோலாலம்பூருக்குத் தெற்கே சிப்பாங்கில் நடந்த இசைவிழாவில் பிரிட்டிஷ் இசைக்குழு ஒன்றின் நடத்தையால் விழாவே நிறுத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளில் ஒலியையும் ஒளியையும் உடனே துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அரசு கூறியது. அது மேடையில் இருப்பவர் எல்லை மீறினால் அவையைக் காப்பதற்கான ஏற்பாடு. எதிர்த் திசையில், அவையில் இருப்பவர் எல்லை மீறும்போது யார் கை விளக்குப் பொத்தானுக்குப் போக வேண்டும் என்பதை இந்த அரங்கில் எவரும் பேசி வைத்திருக்கவில்லை.

முன்வரிசை என்பது இத்தகைய அரங்குகளுக்குப் பழைய தலைவலி. லண்டனில் 1932 முதல் 1964 வரை பல்சுவைக் காட்சிகளை நடத்திய விண்ட்மில் அரங்கில், ஆடையில்லாப் பெண்கள் அசையாமல் சிலைபோல் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தணிக்கை அதிகாரி அனுமதித்திருந்தார். மேடைக்கு இவ்வளவு திட்டம் இருந்தது. அவையை அடக்குவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஒரு காட்சி முடிந்து முன்வரிசை காலியானவுடன் பின்னால் இருந்தவர்கள் இருக்கைகளின் மேல் ஏறித் தாவி முன்னால் வருவது அங்கே வாடிக்கையாகவே இருந்தது.

அலுவலகக் குழுவில் ஒருவர் பின்னர் அரங்கை அழைத்து மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்ன காரணத்தை நியாயமாக ஏற்க முடியாது. ஆனால் பதிவுசெய்யத் தக்கது. சுவரொட்டியைப் பார்த்து, முன்வரிசைக்கு ஆட்டத்தில் பங்கு உண்டு என்று நினைத்தார்களாம். அறிவிப்பாளரின் பாயசப் பேச்சும் அதை உறுதிசெய்தது என்றார்.

என் மதிப்பீட்டில், அரங்கு இரண்டு தனிப் பிரச்சினைகளாகப் பார்த்த சால்வை இழுப்பும் காணொளியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அவைக்கு விற்கப்பட்டது ஒன்று, மேடையில் இருந்தது வேறு. கவர்ச்சியை வாங்கியவர் இரண்டாம் நிமிடத்தில் தாம் வாங்கியது கிடைத்துவிட்டதாக எண்ணிக் கையை நீட்டுகிறார், அல்லது கைப்பேசியை நீட்டுகிறார். பகடி தொடங்கும்போது அவர் கணக்கில் காட்சி முடிந்துவிட்டது.

முதல் வாரத்தின் முடிவுகள்

மறுநாள் மாலை நடந்த கூட்டத்தில் காணொளியே பேச்சாக இருந்தது. குழுவின் மூத்தவரான பலகுரல் கலைஞர், முழு ஆறு நிமிடத்தையும் பொதுவில் வெளியிட்டால் கேட்பவர் வாயடைத்துப் போவார்கள் என்றார். தர்க்கமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கலைஞர் மறுத்தார். 'முழுசா போட்டாலும் அவங்க முதல் இருபது விநாடிதான் பார்ப்பாங்க, அண்ணே. அப்புறம் நம்மளே போட்டோம்னு ஆயிடும்.' இழுக்கப்பட்ட அந்த அரையடிச் சரிவை ஊரார் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதையும் அவர் விரும்பவில்லை. வெளியிடுவதில்லை என்று முடிவாயிற்று. அது அவருடைய உருவம், அவருடைய குடும்பம். வாக்கெடுப்புக்கு விடக்கூடிய விஷயமாக நிர்வாகம் கருதவில்லை. அம்முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பதிலாக மூன்று வரி அறிக்கை வந்தது: சுற்றிவரும் காணொளி அனுமதியின்றி எடுக்கப்பட்டது, உருப்படியின் ஒரு துண்டு மட்டுமே, பகிர வேண்டாம். அதில் கலைஞரின் பெயரோ விளக்கமோ தற்காப்போ இல்லை.

சட்ட வழிகளும் பேசப்பட்டன. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இணையத்தில் பிறரைத் துன்புறுத்தும் பதிவுகளைக் குற்றமாக்குகிறது. வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதால் காவல் நிலையத்தில் புகார் மட்டும் பதிவானது. சால்வை இழுத்ததற்கு, 2022-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்தின்கீழ் 2024 மார்ச்சிலிருந்து செயல்படும் நடுவர் மன்றத்தை நாடலாம் என்று ஒரு வழக்கறிஞர் எடுத்துச்சொன்னார். அம்மன்றம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். காவல் விசாரணையையோ நீண்ட வழக்கையோ எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கலைஞர் யோசித்தார், போகவில்லை. இழுத்தவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வேண்டும், அவர் இனி அரங்குக்கு வரக் கூடாது என்பவற்றை மட்டும் கேட்டார். இரண்டும் நடந்தன.

உரிம அலுவலகத்தில்

காணொளியைப் பார்த்த ஒருவர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் முறையிட்டார். கோலாலம்பூரில் பொது நிகழ்ச்சிகள் 1992-ஆம் ஆண்டின் கேளிக்கைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே நடக்க வேண்டும். இந்த அரங்கு ஒவ்வொரு மாதமும் உருப்படிகளின் சுருக்கத்தை முன்கூட்டியே ஒப்படைத்துவந்தது. நடனத்துக்கான சுருக்கத்தில் 'இறுதியில் தொழிற்சாலைச் சீருடை, பாதுகாப்புக் காலணி' என்ற வரி இருந்தது. வறட்டுத் தாளில் வறட்டு வரி. ஆனால் அன்று அதுதான் கைகொடுத்தது.

கலைஞரின் ஒப்புதலோடு முழு ஒளிப்பதிவு அலுவலக அறையில் மட்டும் போட்டுக் காட்டப்பட்டது. நடத்துவோர் இருவர் சென்றனர், கலைஞரை அழைத்துப்போகவில்லை. பார்த்த அதிகாரிகளில் ஒருவர் பாதுகாப்புக் காலணி வரும் இடத்தில் சிரித்துவிட்டார் என்று சென்றவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அச்சந்திப்பில் நாடகம் ஏதும் இல்லை. கேட்கப்பட்ட கேள்விகள் மேடையைப் பற்றியவையாக இல்லாமல் சுவரொட்டியைப் பற்றியவையாக இருந்தன: ஒப்படைத்த சுருக்கத்தில் பல்சுவை நிகழ்ச்சி என்றிருக்க, வெளியே ஒட்டியதில் ஏன் வேறு தலைப்பு? 2006-இல் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்றின் நிகழ்ச்சிக்காக அமைப்பாளர்களுக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்த நடத்துவோர் இன்னும் கடுமையான ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தார்கள். எழுத்து மூலமான எச்சரிக்கையோடு முடிந்தது. விளம்பரத்தின் நகலையும் இனி முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

செய்யப்பட்ட மாற்றங்கள்

அரங்கு அடுத்த இரண்டு மாதங்களுக்குத் தானாகவே நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. முதலில் முன்வரிசை எடுக்கப்பட்டது. 12 நாற்காலிகள் போய் 52 ஆயின. ஆடுதளத்தின் விளிம்பிலிருந்து முதல் நாற்காலிவரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வெற்றிடம் கிடைத்தது. அவசர வழிக்குப் போகும் பாதையும் இதனால் அகன்றது. தீயணைப்பு ஆய்வின்போது முன்பே சொல்லப்பட்டுவந்த குறை அது. வருமான இழப்பை ஈடுகட்ட டிக்கெட் 55 ரிங்கிட் ஆனது. பகுதி ஈடுதான்.

கைப்பேசிகளைப் பூட்டி வைக்கும் உறைகள் விலை அதிகம். வாசலில் ஒவ்வொருவர் கைப்பேசிக் கேமராவின் மேலும் வட்டத் தாளொட்டி ஒட்டுவது என்று வைத்தார்கள். கைப்பேசி கையிலேயே இருக்கும், அழைப்பு வந்தால் எடுக்கலாம். கேமராவைத் திறக்க ஒட்டியைக் கிழிக்க வேண்டும், கிழித்தால் இருட்டிலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். வயதான பார்வையாளர் சிலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டனர். வாசலில் நின்ற இளைஞர் ஒருவர் 'பெரியப்பா, எல்லாருக்கும்தான், என் போனைப் பாருங்க' என்று தம்முடையதைக் காட்டி ஒட்டியபிறகுதான் ஒருவர் ஒத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து வாசலில் நிற்பவர்கள் முதலில் தங்கள் கைப்பேசியைக் காட்டுவதே வழக்கமாயிற்று.

நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் வந்தது. ஒளிக்கட்டுப்பாட்டாளர், மேடை நிர்வாகி, ஆடுபவர் ஆகிய மூவரில் எவரும், மற்றவரைக் கேட்காமல், அவை விளக்கை ஏற்றலாம். ஆடுபவர் இரு உள்ளங்கைகளையும் மார்பின் முன் சேர்த்தால் நிறுத்தவேண்டும் என்று சைகை குறிக்கப்பட்டது; வணக்கம் போலத் தோன்றுவதால் அவைக்கு உறுத்தாது.

அறிவிப்பாளரின் முன்னுரை மாற்றப்பட்டது நுணுக்கமான வேலை. 'தொடாதீர்கள், எடுக்காதீர்கள்' என்று பட்டியல் வாசித்தால் கேலி இரவு பள்ளிக்கூடக் காலைக் கூட்டம் ஆகிவிடும். பல ஒத்திகைகளுக்குப் பிறகு, பலகுரல் கலைஞரே பழைய கொட்டகைக் காவலாளியின் குரலில் விதிகளைச் சொல்வது என்று அமைந்தது. இழுத்தால் வெளியே என்பதை அந்தக் குரல் மிரட்டலாகவே சொல்கிறது. அவை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறது. சுவரொட்டியில் இப்போது நடனத்துக்கு 'கேலி நடனம், முழு உடையில் முடியும்' என்ற வரி உண்டு. முடிவை முன்பே சொல்லிவிடுவதா என்று இதற்குக் குழுவுக்குள் எதிர்ப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது. வரியைப் படித்தவர்களும் காலணி வரும் இடத்தில் சிரிக்கத்தான் செய்கிறார்கள் என்பது மேடை நிர்வாகியின் பதில்.

பின்னர்

மீண்டும் தொடங்கிய முதல் இரவில் பாதி அரங்கே நிரம்பியது. நான்காவது மாதத்தில் நிறைந்தது. முன்பு வந்த அலுவலகக் குழுக்கள் குறைந்து, இணையர்களும் பெண்கள் கூட்டாகவும் வருவது கூடியிருப்பதாக டிக்கெட் பார்ப்பவர் சொல்கிறார். ஒருமுறை நகைச்சுவையாளர் ஒருவரின் பேச்சின்போது அவையிலிருந்து ஒருவர் எழுந்து ஆடுதளத்துக்குள் வந்தார். ஒளிக்கட்டுப்பாட்டாளர் விளக்கை ஏற்றினார், வந்தவர் திரும்பிப் போனார், நிகழ்ச்சி தொடர்ந்தது. குறிப்பேட்டில் அது ஒரே வரி.

கலைஞர் ஐந்து மாதங்களுக்குப் பிறகு ஒரே ஓர் இரவு அதே உருப்படியை ஆடினார். வீட்டில் அவருடைய தாயாருக்கும் அத்தைமாருக்கும் முழு ஒளிப்பதிவைத் தாமே உட்கார்த்திக் காட்டியிருந்தார். அத்தைகளில் ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, இரவு வேலைக்குப் போகும் பெண்ணை ஏன் கேலி செய்கிறாய் என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அவரைக் காணொளியைவிட அதிகம் யோசிக்க வைத்ததாகச் சொன்னார். இப்போது அவர் ஆடுவதில்லை. அந்த உருப்படியை இன்னோர் இளைய கலைஞருக்குச் சொல்லிக்கொடுத்து, முடிவை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். புதிய வடிவத்தில் சீருடைக்காரி படியிறங்கி ஓடுவதில்லை. தாமதமாகிவிட்டது என்று தெரிந்தும் உட்கார்ந்து காலணிக் கயிற்றை நிதானமாகக் கட்டுகிறாள்.

வேறுவிதமாகச் செய்யப்படவேண்டியவை

நடத்துவோர் இப்போது சொல்வது, அந்த முதல் கூட்டத்தின் வரிசையை மாற்றியிருப்போம் என்பது. காணொளி, உரிமம், அறிக்கை என்று மூன்று மணி நேரம் பேசிய பிறகே, சால்வை இழுத்தபோது உனக்கு என்ன நேர்ந்தது என்று கலைஞரிடம் கேட்டார்கள். தோளில் வலி இருந்ததை அவர் அப்போதுதான் சொன்னார். மருத்துவரிடம் அழைத்துச்செல்ல ஒருநாள் கடந்துவிட்டது. இனி எந்த நிகழ்விலும் மேடையில் இருந்தவரோடு முதலில் தனியே பேசுவது மேடை நிர்வாகியின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுவரொட்டியைத் தனி ஒருவர் முடிவுசெய்வது நின்றுவிட்டது. உருப்படிக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சுக்குப் போகிறது. தீராமல் இருப்பது பணக் கணக்கு. எடுத்துவிட்ட 12 இருக்கைகளின் வருமானத்தை 10 ரிங்கிட் விலையேற்றம் தாள் கணக்கில் ஏறத்தாழ ஈடுசெய்கிறது; ஆனால் எல்லா இருக்கையும் விற்றால்தான். கடைவீட்டு உரிமையாளர் புதிய ஒப்பந்தத்தில் வாடகையை உயர்த்தக் கேட்டிருக்கிறார். முன்வரிசையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, மாதம் இரண்டு இரவுகள் நடத்திப் பார்ப்பது, அதுவும் போதாவிட்டால் வேறு இடம் தேடுவது, நாற்காலிகளை மட்டும் திரும்பப் போடுவதில்லை என்று முடிவுசெய்திருக்கிறார்கள். இரண்டாவது இரவுக்கான உரிம விண்ணப்பம் விளம்பர நகலோடு ஒப்படைக்கப்பட்டுள்ளது.